மரக்காணத்து உப்பு வசனம்

உப்பு ஊரிலிருந்து உப்பு ஊருக்குப் போக வலுவான காரணம் வேண்டும். தூத்துக்குடிக்காரன் உப்பளம் பார்க்க மரக்காணம் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? கேட்டவர்களிடம் மைத்துனனைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

மைத்துனன் ஜெபராஜ் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தின் மேற்பார்வையாளன். பிப்ரவரி பிறந்த வாரம் தொலைபேசியில் அழைத்தான்.

"அத்தான், மாற்கு சுவிசேஷத்துல உப்பு வசனம் இருக்கா இல்லையா?"

"எதற்குக் கேட்கிறாய்?"

"புதுசா வந்த பைபிள்ல இல்ல. அதனால இங்க ஒரு அம்மா கோயிலுக்கு வர்றதையே நிறுத்திடுச்சு. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

போனிலேயே சொல்கிறேன், நீ போய்ச் சொல்லிவிடு என்றேன்.

"நீங்க சொன்னதை நான் சொன்னா நான் சொன்னதாத்தான் ஆகும். நான் சொன்னா அது நம்பாது."

கையெழுத்துப் பிரதிகளின் வரலாற்றில் உள்ள சிக்கல் முழுவதையும் அவன் அறியாமலே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களைப் பார்த்து வரைவதே என் வேலையாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு, எந்த ஏடு எந்தக் காலத்தது, எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்று படித்துக் குறித்து வைப்பது பழக்கமாகிவிட்டது. குடும்பத்தில் இதை யாரும் பயனுள்ள பழக்கமாகக் கருதியதில்லை. முதன்முறையாக ஒருவர் இதற்காகக் கூப்பிடுகிறார். கிளம்பிவிட்டேன்.

வியாழன் மதியம், புதுச்சேரியில் ஏறிய பேருந்தில் ஜன்னலோரம் தூங்கிப்போனேன். கண்டக்டர் தட்டி எழுப்பியபோது ஊர் பின்னால் போயிருந்தது.

"மரக்காணம் மரக்காணம்னு தொண்டை கிழிய கத்தினேனே, எங்க இருந்த பெரியவரே?"

"இங்கேதான் இருந்தேன்."

"அதான் பாத்தேனே. எறங்கு, எறங்கு. அப்படியே நடந்து போ, காத்து நல்லா வருது."

காற்று நன்றாகத்தான் வந்தது. சாலையின் இருபுறமும் பாத்திகள். குவியல்கள் எங்கள் ஊர் அம்பாரங்களைவிடச் சிறியவை. சிலவற்றின் மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். சென்னைக்குப் பறக்கும் கார்கள் அவ்வப்போது நின்று, இறங்கி, உப்போடு படம் எடுத்துக்கொண்டு போயின. எங்கள் ஊரில் உப்போடு யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சதூரம் நடந்ததும் ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் பன் அடுக்கிய பிளாஸ்டிக் கூடை. ஓட்டியவருக்கு மருதாணியிட்ட சிவந்த தாடி.

"எங்க போவணும்?"

ஜெபராஜ் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அந்த பைபிள் கேஸுக்கு வந்தவரா நீங்க? ஏறுங்க, ஏறுங்க. கூடையை மடியில வெச்சிக்கங்க."

அவர் ரஹீம் பாய். பேருந்து நிலையம் அருகே தேநீர்க் கடை வைத்திருக்கிறார். துபாயில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கடையில் என்னை உட்காரவைத்து, சுடச்சுட இரண்டு சமோசாவும் சுக்கு டீயும் கொடுத்தார். சுவரில் தினசரிக் காலண்டர். ஒரே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி மூன்றும் இருந்தன. நாள் ஒன்றுதான், எண்கள் மூன்று. எனக்கு இந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். ஆனால் பாய்க்குப் பேச வேண்டியிருந்தது.

"கோயிலுக்குப் போறத நிறுத்திச்சே, அந்த எஸ்தரம்மா வூட்டுக்காரன் ஆசீர்வாதம் எனக்கு சின்ன வயசு தோஸ்த்து. உப்பளத்துல வேலை முடிச்சிட்டு தினம் இங்கதான் டீ. நான் அவனை ஓட்டுவேன், டேய் உங்க இன்ஜீல்ல, அதான் சுவிசேஷத்துல, காப்பி எழுதினவனுங்க கை வெச்சிட்டானுங்கடான்னு. அவன் என்னைத் திருப்பி ஓட்டுவான். கடையே சிரிக்கும். போன வருஷம் மௌத் ஆயிட்டான். இப்ப புது புக்ல வசனம் இல்லன்னதும், பாய் சொன்னது நெஜந்தானான்னு அந்தம்மா என்கிட்டயே வந்து கேக்குது."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என்னத்த சொல்றது? சும்மா வாய்க்கு சொன்னதுங்க. ஆசீர் இருந்தா அங்கயே திருப்பிக் குடுத்திருப்பான். அந்தம்மா வாங்கி வெச்சிக்கிச்சு."

பன் கூடையை இறக்கி வைத்துவிட்டு மீண்டும் வந்து எதிரே அமர்ந்தார்.

"எங்க பள்ளிவாசல்ல ரமலான் ராத்திரில தராவீஹ் தொழுகை நடக்கும். குர்ஆனை மனப்பாடமா ஓதுற ஹாஃபிஸ் எங்கனா ஒரு வார்த்தை விட்டுட்டாருன்னா பின்னாடி நிக்கிறவரு ஒடனே எடுத்துக் குடுத்துடுவாரு. உங்களுதுல பின்னாடி யாருங்க நிக்கிறா?"

நல்ல கேள்வி. எங்களுடையதில் பின்னால் நிற்பவை பிரதிகள், ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்துக் கொடுக்கும் என்றேன்.

"அதுங்க ஒன்னுக்கொன்னு சண்டை போட்டா?"

"அந்தச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன்."

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜெபராஜ் வீட்டில் இரவு கிழங்கான் மீன் குழம்பு. மேற்பார்வையாளர் வீட்டு மேசையில் கடையில் வாங்கிய பாக்கெட் உப்பு இருந்தது. சுற்றிலும் உப்பு மலை மலையாகக் கிடக்க, இது என்ன என்று கேட்டேன். "டாக்டர் சொல்லிட்டாரு" என்றான். தூத்துக்குடிப் பேச்சு அவனிடம் அநேகமாகப் போய்விட்டது. போறேன், சொல்லிட்டான், இருக்குது என்கிறான். அத்தான் என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

சாப்பிட்டபடியே விவரம் சொன்னான். இங்கே உப்பளத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்து, பாத்தியில் அந்த ஆண்டின் முதல் உப்பை வாரியதும் அந்தக் கூடையை நேரே சிற்றாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். பீடத்துக்கு முன்னால் வைத்து, மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சிட்டிகை நாக்கில். அதன் பிறகுதான் மற்றப் பாத்திகளில் கை வைப்பார்கள். பல ஆண்டுகளாக வாசித்து வந்தவர் ஆசீர்வாதம். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பார்க்காமலே சொல்வாராம். போன பிப்ரவரியில், முதல் உப்பு வாரிய சில நாளில், காய்ச்சலில் இறந்துபோனார். இந்த ஆண்டு வாசிப்பு அவர் மனைவி எஸ்தருக்கு வந்தது. பீடத்தில் இருந்ததோ யாரோ நன்கொடையாகக் கொடுத்த, எளிய தமிழில் புதிதாக மொழிபெயர்த்த வேதாகமம். எஸ்தர் வாசித்துக்கொண்டே வந்தாள். உப்பு வசனம் வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. அப்படியே நின்றுவிட்டாள்.

"அழுதுட்டு விட்டுடுச்சுன்னு எல்லாரும் நெனச்சோம். அப்புறம் பாத்தா புக்லயே இல்ல. அன்னிக்கு உக்காந்தது, அதோட கோயிலுக்கு வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை ஆசீர்வாதத்துக்கு வருஷ ஜெபம் வெச்சிருக்குது. கல்லறைக்குக் கல்லு. அதுல அந்த வசனத்தைத்தான் போடணும்னு இருந்துச்சு. இப்ப போடுறதா வேணாவான்னு கல்லுக்காரர்கிட்ட சொல்ல முடியாம தவிக்குது. சனிக்கிழமை சொல்லியாவணும்."

வெள்ளி விடிந்தும் விடியாமலும் உப்பளத்துக்குப் போனோம். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். ஆண்கள் நீளக் கழியில் பொருத்திய பலகையால் பாத்தியில் படிந்ததை வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் கூடையில் சுமந்தார்கள். எங்கள் ஊரிலும் இதே வேலை, இதே நடைதான். இங்கே சேறு கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது. எஸ்தருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலையில் சும்மாடு, காலில் பழைய சாக்ஸ், அதற்கு மேல் பிளாஸ்டிக் செருப்பு. கூடையைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தூத்துக்குடி சாரா? உக்காருங்க சார். நெழலே கெடையாது, அதனால எங்க வேணா உக்காரலாம்."

உட்கார்ந்தேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"இருக்குதா இல்லையா சார்?"

பாதி இருக்கிறது என்றேன். சொன்னதுமே தெரிந்தது, நல்ல தொடக்கம் அல்ல. ஆனால் உண்மை அதுதான். அந்த வசனத்துக்கு இரண்டு பாதிகள். மனிதர் ஒவ்வொருவரும் நெருப்பால் உப்பிடப்படுவர் என்பது ஒன்று. பலி ஒவ்வொன்றும் உப்பால் உப்பிடப்படும் என்பது மற்றொன்று. நாம் சிறுவயதிலிருந்து கேட்ட பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டும் உண்டு. கிடைத்திருக்கும் கிரேக்கப் பிரதிகளில் மிகப் பழையவற்றில் நெருப்பு மட்டும்தான். பிற்காலப் பிரதிகள் பெரும்பாலானவற்றில் இரண்டும் இருக்கின்றன. சிலவற்றில் நெருப்பு போய் உப்பு மட்டும் நிற்கிறது. மாற்கு தன் கையால் எழுதியது எங்கும் கிடைக்கவில்லை. பலியில் உப்பு சேர்க்க வேண்டும் என்ற கட்டளை லேவியராகமத்தில் இருக்கிறது. நெருப்பால் எப்படி உப்பிடுவது என்று விழித்த யாரோ ஒரு வாசகர், விளங்கட்டும் என்று அந்தக் கட்டளையை ஓரத்தில் குறித்திருக்கலாம். அடுத்துப் பார்த்தெழுதியவர் ஓரத்தில் இருந்ததை உள்ளே சேர்த்திருக்கலாம். ஆய்வாளர்கள் பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நம் பழைய நூல்களிலும் பாடபேதம், இடைச்செருகல் எல்லாம் உண்டு என்றேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்ற பழமொழியையும் சொன்னேன்.

புதிய வேதாகமத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் இதுபற்றிக் குறிப்பு இருக்குமே என்றும் கேட்டேன்.

"இருக்குது சார், எறும்பு ஊர்ற மாதிரி. அத யாரு படிப்பாங்க?"

சும்மாட்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டாள்.

"ஆசுபத்திரியில அவரு கடைசியா சொன்னது அந்த உப்பு வசனந்தான் சார். கர்த்தர் வார்த்தைய வாயில வெச்சிக்கினு போனாருன்னு நெனச்சு ஒரு வருஷத்த ஓட்டிட்டேன். இப்ப அது எவனோ ஓரத்துல கிறுக்கினதுன்னா, அவரு வெறுங்கையோட போனாரா?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். ஜெபராஜ் என்னைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல்மேடு. ஆசீர்வாதத்தின் குழிமேல் சிலுவை மட்டும் இருந்தது. பக்கத்தில் தாசையா என்ற பழைய உபதேசியாரின் கல். பெயர், பிறப்பு, இறப்பு, அதன் கீழ் வசனம். தேதிகளைக் குறித்துக்கொள்ளக் குனிந்தவன் வசனத்தை இரண்டு முறை படித்தேன்.

"கர்த்தர் என் மேய்ப்பர் பெரிய எழுத்தில்."

ஜெபராஜ் சிரித்துவிட்டான். வசனம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில், அதைப் பெரிய எழுத்தில் வெட்ட வேண்டும் என்பதற்காகப் பக்கத்திலேயே அப்படி எழுதிவிட்டார்களாம். கல்லுக்காரர் சீட்டில் இருந்ததை ஒன்று விடாமல் வெட்டிவிட்டார்.

"திருத்தவில்லையா?"

"தாசையா சம்சாரம் விடல. அவருக்குக் கண்ணு தெரியாது, பெரிய எழுத்து பைபிள்தான் வெச்சிருப்பாரு, இருந்துட்டுப் போவட்டும்னுடுச்சு. பசங்கல்லாம் இப்ப அப்படியேதான் சொல்லுதுங்க."

சனிக்கிழமை ஷேர் ஆட்டோவில் பெருமுக்கல் போனோம். ஜெபராஜ், எஸ்தர், நான், எங்களோடு ஒரு மூட்டை தவிடு. பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர். "ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினது சார், ஒத்துமையா இருக்குதுங்க" என்றார் ஓட்டுநர். மாற்றுச் சக்கரம் வரும்வரை புளியமரத்தடியில் நின்றோம். எதிரே மலை, உச்சியில் கோயில். முழங்கால் சம்மதித்திருந்தால் ஏறியிருப்பேன். பழைய கோயில்களைப் பிரித்துக் கட்டும்போது சுவரில் இருந்த சாசனங்களைப் பெயர்த்து எழுதி, மீண்டும் புதுச் சுவரில் வெட்டுவார்கள். சில இடங்களில் கடைசியில் 'இது பழங்கல்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பார்கள். இது அசல் அல்ல, பழைய கல்லைப் பார்த்து வெட்டிய படி என்று பொருள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இதை எஸ்தரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். முந்தின நாள் பழமொழி சொன்ன அனுபவத்தால் சொல்லவில்லை.

கல்லுக்காரர் ஏழுமலையின் பட்டறை சாலையோரத்துத் தகரக் கொட்டகை. அம்மிகள், ஓர் அரைகுறைப் பிள்ளையார், சுவரில் சாய்த்து வைத்த கறுப்புக் கல் ஒன்று. அதுதான் ஆசீர்வாதத்தின் கல். பெயரும் தேதிகளும் வெட்டி முடித்திருந்தார்கள். கீழ்ப்பாதி வெறுமையாகப் பளபளத்தது.

"வாம்மா. வசனம் முடிவாச்சா? வசனத்த மட்டும் எழுதிக் குடு தாயி. பக்கத்துல, மேல, கீழ, எங்கயும் ஒரு வார்த்தை எழுதாத. உங்க ஊரு தாசையா கல்லுல மாட்டிக்கினு நான் பட்டது போதும். இன்னிக்கும் திண்டிவனம் வரைக்கும் என்னைப் பாத்தா 'ஏம்பா, பெரிய எழுத்து'ன்னு கூப்பிடறானுங்க."

ஜெபராஜ் சிரித்தான். எஸ்தர் சிரிக்கவில்லை. ஏழுமலையை உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார். நேத்து ஓரத்துல எழுதினது உள்ள போச்சுன்னு சொன்னீங்களே, அது இதானா?"

"இதேதான்."

"அப்போ மாற்குக்கும் ஒரு ஏழுமலை இருந்திருக்காரு."

"எந்த மார்க்கும்மா? கூனிமேட்டு மார்க்கா? அவனுக்கு நான் கல்லே வெட்டலியே" என்றார் ஏழுமலை.

இப்போது அவள் சிரித்தாள். சட்டென்று நின்றது.

"தாசையா கல்லு தப்புன்னு நமக்குத் தெரியும். நம்மல்லாம் போனப்புறம் வர்றவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

தோட்டத்தில் அதே வசனம் வேறு கல்லில் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு மூன்று கல்லில் இருக்கிறது என்றாள். அவற்றில் 'பெரிய எழுத்தில்' உண்டா? இல்லை. "அப்படித்தான் தெரியும். ஒரே ஒரு கல் இருந்தால் தெரியாது. பல கல் இருப்பதால்தான் தவறு அகப்படுகிறது."

"மத்த வசனமெல்லாம்?"

உண்மையில் இந்தக் கேள்விக்காகத்தான் நான் வந்திருக்கிறேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன். பிரதிகளுக்குள் வேறுபாடுகள் ஏராளம். மிகப் பெரும்பாலானவை எழுத்துப் பிழை, சொல் முன்பின் மாறியது போன்றவை. பெரிய இடங்களும் சில உண்டு. மாற்குவின் கடைசிப் பத்திகள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. கல்லெறிய இழுத்துவந்த பெண்ணின் கதை யோவானின் பழைய பிரதிகளில் இல்லை. அதே சமயம், சாக்கடல் குகைகளில் கிடைத்த ஏசாயா சுருள், அதற்கு முன் கையில் இருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒத்துப்போகிறது. எழுத்துக்கு எழுத்து மாறவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. எங்கே மாறியது என்று தேடி, அடிக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியும்.

"எறும்பு எழுத்துல" என்றாள்.

"எறும்பு எழுத்தில்தான். உங்கள் உப்பு வசனத்துக்கு அடுத்த வசனம் உப்பு நல்லது என்று தொடங்கும். அதில் இந்தச் சண்டை கிடையாது."

அவள் கல்லின் வெறுமையான பாதியைத் தடவிப் பார்த்தாள். உப்பில் வெடித்த விரல்கள் கறுப்புக் கல்லின் மேல் வெளுத்துத் தெரிந்தன.

"ஏழுமலைண்ணா, அதே வசனம். அவரு சொன்ன மாதிரியே. ஆனா கீழ மாற்குன்னு பேரு, அதிகார நம்பரு, எதுவும் வேணாம்."

"வேற என்ன போடறது?"

"ஆசீர்வாதம் சொன்னதுன்னு போடுங்க."

ஜெபராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"மாற்கு சொன்னாரான்னு எனக்குத் தெரியாது. சாரு இத்தனை படிச்சிருக்காரு, அவருக்கே தெரியல. இவரு சொன்னாரு, பக்கத்துல ஒக்காந்து நான் கேட்டேன். அது எனக்குத் தெரியும்."

அவள் எழுதிக் கொடுத்த சீட்டை ஏழுமலை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுல இருக்கிறது பூராவும் வசனந்தானே?" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை இட்லியும் வடகறியும். வடகறி எங்கள் பக்கம் கிடைக்காது. இரண்டு முறை போட்டுக்கொண்டேன். ஆராதனைக்கு எஸ்தர் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முடிந்ததும் எல்லோரும் மணல்மேட்டுக்கு நடந்தோம். கல்லை ஏழுமலையே வந்து நட்டிருந்தார். எஸ்தர் சொன்னபடியே இருந்தது, கூட ஒரு புள்ளியும் இல்லை. ரஹீம் பாய் சவுக்கு மர ஓரமாகத் தொப்பியோடு நின்றார். கடையை யாரிடம் விட்டு வந்தார் என்று தெரியவில்லை.

வாசிக்க எஸ்தர் எழுந்தாள். போதகர் தன் கையிலிருந்த பழைய வேதாகமத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பீடத்திலிருந்த புதியதை எடுத்து வந்திருந்தாள். அதே ஒன்பதாம் அதிகாரம், அதே கடைசிப் பகுதி. நிதானமாக வாசித்தாள். நெருப்பு வந்தது. புத்தகம் நின்ற இடத்தில் அவளும் நின்றாள்.

பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல் உப்பு வசனத்தைத் தொடங்கியது. இன்னொரு குரல் சேர்ந்தது. அதன்பின் கூட்டம் முழுவதும், ஆண்டுதோறும் ஆசீர்வாதத்தின் வாயிலிருந்து கேட்ட அதே இழுப்போடு, பழைய தமிழில் சொல்லி முடித்தது. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். ரஹீம் பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எஸ்தர் குறுக்கிடவில்லை, கூடச் சொல்லவும் இல்லை. புத்தகத்தில் விட்ட இடத்தில் விரலை வைத்தபடி அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு விரலை நகர்த்தி, இதுவரை வாசித்ததைவிடக் கொஞ்சம் உரக்க, அடுத்த வசனத்தைத் தொடங்கினாள்.

"உப்பு நல்லது."